பிறப்பறியா நாயகன்: லெஸ்லி சார்ட்டரிசின் 'செயிண்ட்' கதைத்தொடர் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

துப்பறியும் புனைகதையை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது கல்விப்புலத்தில் நெடுநாள் வழக்கம். அதிலும் வேடிக்கையும் உல்லாசமும் கலந்த கதைகளுக்கு ஆய்வேடுகளில் இடம் கிடைப்பது அரிது. ஆயினும், ஒரு காலத்து மக்கள் எதற்கு அஞ்சினர், எதற்கு ஏங்கினர் என்பதை உயர் இலக்கியங்களைவிட இத்தகைய எளிய கதைகள் சில வேளைகளில் வெளிப்படையாகக் காட்டிவிடுகின்றன. அவ்வகையில், 1928ஆம் ஆண்டு தொடங்கிய 'செயிண்ட்' என்னும் ஆங்கிலக் கதைத்தொடரை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் அணுகுகிறது. அதனை இயற்றிய லெஸ்லி சார்ட்டரிஸ் சிங்கப்பூரில் பிறந்தவர் என்பது, இவ்வட்டாரத்தில் தமிழ் பயிற்றும் நாம் அதனைக் கவனிப்பதற்குக் கூடுதல் காரணமாகும்.

செல்வர் அவையில் துப்பறிவாளர்

முதல் உலகப் போரை அடுத்த பத்தாண்டுகளில் ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் ஒரு புதிய மாந்தர் வகை தோன்றியது. நம் பேச்சு வழக்கில் 'மைனர்' என்று சுட்டப்படும் உல்லாச இளைஞனே அவன். நேர்த்தியான உடையும் நகைச்சுவைப் பேச்சும் விலையுயர்ந்த வாகனமும் அவனுடைய அடையாளங்கள். பிழைப்புக்காக அன்றி, ஆர்வத்தால் துப்பறிபவன் அவன். டாரதி சேயர்ஸ் 1923இல் லார்ட் பீட்டர் விம்சியை அறிமுகப்படுத்தினார். அமெரிக்காவில் எஸ். எஸ். வான் டைன் 1926இல் ஃபைலோ வான்சைப் படைத்தார். மார்ஜரி அல்லிங்ஹமின் ஆல்பர்ட் கேம்பியன் 1929இல் தோன்றினான்.

இம்மூவர்க்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. செல்வர் மாளிகையின் கதவு அவர்களுக்குத் திறப்பது பிறப்புரிமையாலும் பரம்பரைச் சொத்தாலுமே ஆகும். விம்சி ஒரு கோமகனின் இளவல். வான்ஸ் அத்தை விட்டுச்சென்ற சொத்துக்கு உரியவன். கேம்பியன் உயர்குடியில் பிறந்து புனைபெயரில் உலவுபவன். குற்றம் நிகழும் மாளிகைக்குள் அவர்கள் விருந்தினராகவே நுழைகின்றனர். வாயிலில் நிறுத்தி யார் என்று கேட்பார் இல்லை.

செயிண்டின் தனித்தன்மை

இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவன், ஆனால் இவர்களினின்றும் வேறுபட்டவன் சைமன் டெம்ப்ளர். 1928இல் வெளிவந்த 'மீட் த டைகர்' என்னும் புதினத்தில் அவன் முதன்முதலாகத் தோன்றினான். பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு 'செயிண்ட்', அதாவது புனிதர், என்ற பட்டப்பெயர் அமைந்தது. தலைக்குமேல் ஒளிவட்டம் சூடிய கோட்டுருவம் ஒன்றைத் தான் சென்றுவந்த இடங்களில் அடையாளமாக விட்டுச்செல்வது அவன் வழக்கம். 1929 முதல் 'த திரில்லர்' என்னும் இதழில் வெளியான குறும்புதினங்கள் அவனைப் பரவலாக அறிமுகப்படுத்தின.

டெம்ப்ளர் கூலி பெற்றுத் துப்பறிபவன் அல்லன். சட்டத்துக்கு முற்றிலும் கட்டுப்பட்டவனும் அல்லன். மோசடி வணிகர், மிரட்டிப் பணம் பறிப்போர், போரால் ஆதாயம் தேடும் ஆயுத வியாபாரிகள் ஆகியோரைச் சூழ்ச்சியால் வீழ்த்தி, அவர்கள் கவர்ந்த பொருளை மீட்பதே அவன் தொழில். தொடக்கக் கதைகளில் அதில் பத்து விழுக்காட்டைத் தன் கட்டணமாக எடுத்துக்கொள்கிறான். அவனைக் கைதுசெய்யத் துடிப்பவர், ஸ்காட்லாந்து யார்டைச் சேர்ந்த, எந்நேரமும் சூயிங்கம் மெல்லும் தலைமை ஆய்வாளர் கிளாட் யூஸ்டஸ் டீல். டீலின் தோல்விகள் வாசகருக்கு நகைப்பூட்டுகின்றன. எனினும் அந்நகைப்பினுள் ஒரு கூரிய கருத்து உள்ளது. சட்டத்தின் எல்லைக்குள் நின்றே பிறரை ஏமாற்றும் செல்வரைக் காவல்துறை தொட இயலாது. தொட வல்லவன் சட்டத்தை மீறுபவனாக இருக்கிறான். 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் சேமிப்பை இழந்த வாசகர்க்கு இக்கருத்து இனித்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இங்கு நாம் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. டெம்ப்ளர் எக்குடியில் பிறந்தான், அவன் பெற்றோர் யாவர் என்பவற்றை ஆசிரியர் தெளிவுபடுத்துவதில்லை. விம்சிக்குக் குலமரபு உண்டு. டெம்ப்ளருக்கு உடையும் பேச்சும் துணிவும் மட்டுமே உண்டு. அவற்றைக் கொண்டே அவன் எந்த விடுதிக்குள்ளும் எந்த விருந்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறான்.

ஆசிரியரின் வாழ்வு

இந்நாயகனைப் படைத்தவர் 1907 மே 12ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். தந்தையார் சீன மருத்துவர் யின், தாயார் ஆங்கிலேயர். இயற்பெயர் லெஸ்லி சார்ல்ஸ் பௌயர்–யின். இங்கிலாந்தில் ரோசல் பள்ளியில் பயின்று, கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். எழுத்தை நாடி விரைவிலேயே அதனை விட்டு விலகினார். 1926இல் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டார். ஆகவே 1927இல் வெளிவந்த முதல் புதினத்தின் அட்டையிலேயே 'யின்' என்னும் பெயர் இடம்பெறவில்லை. ஈயச் சுரங்கத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும்கூட அவர் இளமையில் வேலை செய்தார் என வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன.

1932இல் அவர் அமெரிக்கா சென்றார். அங்கு 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. பாதி ஆசியக் குருதி உடையவர் என்ற காரணத்தால் அவருக்கு நிரந்தரக் குடியுரிமை மறுக்கப்பட்டது. ஆறு திங்களுக்கு ஒருமுறை வருகையாளர் அனுமதியைப் புதுப்பித்தே அவர் அங்கு வாழ நேர்ந்தது. அக்காலத்தில்தான் 1935இல் 'த செயிண்ட் இன் நியூயார்க்' வெளிவந்தது. 1938இல் அது திரைப்படமாயிற்று. அவருடைய நாயகன் நியூயார்க் நகரில் தங்குதடையின்றி உலவ, அவரோ அந்நாட்டில் நாள் எண்ணித் தங்கும் விருந்தினராகவே இருந்தார். இறுதியில் அவருக்கும் அவர் மகளுக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமையை அமெரிக்கப் பேரவை தனிச்சட்டம் இயற்றி வழங்கியது. 1946இல் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

வாழ்வும் புனைவும்

ஆசிரியரின் வாழ்வே கதைக்கு நேர்க்காரணம் என்று நிறுவுவது நம் நோக்கமன்று. அவர் அமெரிக்கா செல்வதற்கு நான்காண்டுகள் முன்னரே டெம்ப்ளர் பிறந்துவிட்டான். ஆயினும், குருதியைப் பங்கிட்டு அளந்த ஒரு காலத்தில், பிறப்பே கேட்கப்படாத ஒருவனை நாயகனாக்கிய தொடர் இது என்பது மறுக்க முடியாத உண்மை. கதவுகளைத் திறப்பது பிறப்பன்று, தோற்றமும் துணிவுமே என்னும் கனவை அது வாசகர்க்கு வழங்கியது.

அதே வேளையில் அக்கனவின் குறையையும் நாம் மறைத்தல் ஆகாது. ஐரோப்பியர் அல்லாதாரைப் பற்றி அக்கால ஆங்கிலக் கதைகளில் மலிந்திருந்த இழிவான சித்திரிப்புகளிலிருந்து இத்தொடரும் முற்றிலும் விடுபட்டதன்று. எல்லாக் கதவுகளையும் கடந்துசெல்பவன் வெள்ளைக்கார நாயகனே. ஆசிரியரின் தந்தையைப் போன்ற ஒருவரை அவ்விடத்தில் வைத்துப் பார்க்க அன்றைய கதைச்சந்தை இடந்தந்திருக்குமா என்பது ஐயமே. பெயரை மாற்றிக்கொண்ட இளைஞரின் முடிவை இப்பின்னணியில் வைத்தே நாம் மதிப்பிட வேண்டும்.

1956இல் வெளிவந்த 'த செயிண்ட் அரவுண்ட் த வேர்ல்ட்' என்னும் தொகுப்பில் ஆறு கதைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் களம் மலாயா. விடுதலைக்கு ஓராண்டு முன்னர், தாம் பிறந்த வட்டாரத்துக்குத் தம் நாயகனை ஒரு பயணியாக அனுப்பிவைத்தார் சார்ட்டரிஸ்.

1962 முதல் 1969 வரை ரோஜர் மூர் நடித்த 118 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர் செயிண்டை உலகறியச் செய்தது. சார்ட்டரிஸ் தனித்து எழுதிய இறுதித் தொகுப்பு 1963இல் வெளியாயிற்று; பிறர் துணையுடன் நூல்வரிசை 1983 வரை நீடித்தது. அவர் 1993இல் இங்கிலாந்தில் மறைந்தார்.

முடிவுரை

ஒளிவட்டத்துடன் புன்னகைக்கும் நாயகனை உலகம் நினைவிற்கொண்டுள்ளது. அவனை எழுதியவரின் பிறந்த ஊரை அறிந்தோர் சிலரே. வேடிக்கைக் கதை என்று நாம் ஒதுக்கும் நூல்களின் அடியில் குடியேற்றமும் இனச்சட்டமும் பெயர்மாற்றமும் மறைந்திருக்கக்கூடும் என்பதை இத்தொடர் உணர்த்துகிறது. தமிழ்த் துப்பறியும் புதினங்களையும் இவ்வகையில் மாணவரோடு சேர்ந்து வாசிக்கலாம். யார் கொன்றார் என்னும் வினாவோடு, யார் யாருடைய வீட்டுக்குள் எவ்வுரிமையால் நுழைகிறார் என்னும் வினாவையும் எழுப்பினால், அக்கதைகள் அவற்றின் காலத்தைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியவை இன்னும் பல உள என்பது விளங்கும்.