பிள்ளையோடு பெற்றோரும்

சேலத்து ஃபேர்லேண்ட்ஸில், மருத்துவர் பெயர்ப்பலகைகள் நெருங்கிய வீதிகளில், அடங்காத பிள்ளையைக் கைப்பிடித்து வரும் தாய், ‘இவனைச் சரிசெய்து தாருங்கள், டாக்டர்’ என்று வேண்டுவது இயல்பே. ஆயினும், சிகிச்சை பிள்ளைக்கு மட்டுமன்று என்னும் ஞானம் நம் தேசத்தில் வேரூன்றிய சரித்திரம் அவள் அறியத் தக்கது. 1937-இல் பம்பாயில், சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிக் கல்விச்சாலையில், குழந்தை வழிகாட்டு நிலையம் தோன்றிற்று. 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், மனநோயாளரின் குடும்பத்தாரையும் கூடாரங்களில் உடன் தங்கவைத்தார். வேலூர் பாகாயத்து மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவது சிகிச்சையின் அங்கமாயிற்று.

பெற்றோரையே பயிற்றுவிக்க அமெரிக்காவில் 1970-களில் உளவியலாளர் ஷீலா ஐபெர்க் வகுத்த முறையோ என் மனத்தை மிகவும் கவர்ந்தது. ஒருபுறம் மட்டுமே தெரியும் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்த சிகிச்சையாளர், தாயின் செவியில் பொருத்திய சிறு கருவியின் வாயிலாக, முதலில் கட்டளையும் கேள்வியும் விலக்கி, பிள்ளை அடுக்கும் கட்டைகளை வாயாரப் புகழுமாறும், பின்னர்த் தெளிவாக ஏவி, கீழ்ப்படிந்ததை உடனே பாராட்டுமாறும் அந்தக் கணத்திலேயே பயிற்றுவிப்பார். அடித்துத் திருத்துவதே கடமையென நம்பும் இல்லங்களுக்கு இது அளவு மீறிய மென்மையாகத் தோன்றக்கூடும். எனினும் பெற்றோரின் நாவையே ஔஷதமாக்கும் இந்த யுக்தியை நான் மனமாரப் போற்றுகிறேன். இரண்டு முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கென அமைந்த இம்முறையில், வீட்டிலும் தினந்தோறும் ஐந்து நிமிஷம் பெற்றோர் அவ்வண்ணமே விளையாட வேண்டும் என்பது விதி.