பாடி ஷாப்பில் இருந்து வந்த ஹைபிரிட் காரில் வார்னிங் லைட் எரிகிறதா? ‘தானா போயிடும்’ என்று விட்டுவிடலாமா?

விருதுநகர் மாவட்டம் ஆனைக்குட்டம் பக்கம் ஒரு ஹைபிரிட் கார், முன்னால் போன லோடு வண்டியில் லேசாக முட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பர் உடைந்தது, பானெட் மடங்கியது, அவ்வளவுதான். டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் முடிந்து மூன்று வாரத்தில் வண்டி பளபளவென்று கைக்கு வருகிறது. ஸ்டார்ட் பண்ணினால் மீட்டரில் எஞ்சின் லைட், ஏபிஎஸ், ஏர்பேக், ‘செக் ஹைபிரிட் சிஸ்டம்’ என்று வரிசையாக எரிகிறது. கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: “சும்மா சென்சார் லைட்டு அண்ணாச்சி, ரெண்டு நாள் ஓட்டுங்க, தானா போயிடும்.”

சில நேரம் தானாகப் போகவும் செய்யும். பிரச்னையே அதுதான். எது தானாகப் போகும், எது போகாது, எது போனாலும் நம்பக் கூடாது என்பது லைட்டைப் பார்த்தால் தெரியாது. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் கோடைப் படித்தால்தான் தெரியும்.

2010இல் டொயோட்டா பிரியஸ் இந்தியாவுக்கு வந்தபோது ஹைபிரிட் என்பது பெருநகரத்துப் பணக்காரர்களின் கார். 2022க்குப் பிறகு கதை மாறியது. ஹோண்டா சிட்டி ஹைபிரிட், மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ் என்று அடுத்தடுத்து வந்தன. ‘குட்டி ஜப்பான்’ என்று பேர் வாங்கிய சிவகாசி வட்டாரத்துச் சாலைகளிலும் இந்த ஜப்பான் தொழில்நுட்பம் இப்போது சகஜம். ஆனால், தகரம் தட்டுவதிலும் பெயிண்ட் அடிப்பதிலும் கைதேர்ந்த எல்லாப் பட்டறைகளிலும் ஹைபிரிட் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரே நேரத்தில் ஏன் இத்தனை லைட்?

நாலு லைட் எரிந்தால் நாலு கோளாறு என்று அர்த்தம் இல்லை. ஹைபிரிட் காரில் எஞ்சின், மோட்டார், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். ஒரு கம்ப்யூட்டர் பேச்சை நிறுத்தினால் மற்றவை பாதுகாப்புக்காகத் தங்கள் வேலையை ஒதுக்கி வைத்துவிடும். உடனே டிராக்‌ஷன் கன்ட்ரோல், குரூஸ், முன்மோதல் எச்சரிக்கை என்று எல்லா லைட்டும் வந்து உட்காரும். ஒரே ஒரு சொருகாத கனெக்டர் இத்தனைக்கும் காரணமாக இருக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது 12 வோல்ட் பேட்டரி. ஹைபிரிட்டில் பெரிய பேட்டரி இருந்தாலும் சிஸ்டத்தை எழுப்பிவிடுவது இந்தச் சின்ன பேட்டரிதான். பட்டறையில் வாரக்கணக்கில் கதவைத் திறந்துபோட்டு, உள் விளக்கு எரிய, அடிக்கடி சாவியைப் போட்டு எடுத்தால் இது இறங்கிவிடும். வோல்டேஜ் குறைந்ததும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ‘எனக்குத் தகவல் வரவில்லை’ என்று கோடு பதிந்து வைக்கும். வெல்டிங்குக்காக பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் சில மாடல்களில் ஸ்டீயரிங் கோணம், கண்ணாடி ஏற்றி இறக்குவது போன்றவற்றுக்கு மறுபடி ‘பழக்க’ வேண்டியிருக்கும். தானாகப் போகும் லைட்டுகளில் பெரும்பகுதி இந்த வகைதான்.

அடுத்தது எர்த். பாடியில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் எர்த் வயரின் அடியில் புது பெயிண்ட் படிந்துவிட்டால் கரண்ட் சரியாகத் திரும்பாது. பெயிண்டைச் சுரண்டி இறுக்கினாலே தீர்ந்துபோகும் விஷயம். கண்டுபிடிக்கத்தான் ஒரு நாள் ஆகும்.

ஆரஞ்சு வயர் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

‘செக் ஹைபிரிட் சிஸ்டம்’ வந்தால் கதை வேறு. கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டின் பேட்டரி 177.6 வோல்ட். 2010இல் இங்கே வந்த பிரியஸில் பேட்டரி 201.6 வோல்ட், அதை இன்வெர்ட்டர் 650 வோல்ட் வரை உயர்த்தி மோட்டாருக்குக் கொடுக்கும். வீட்டு லைன் 230 வோல்ட் என்பதை நினைத்துக்கொண்டால் போதும். இந்த உயர் மின்னழுத்த வயர்களுக்குத்தான் ஆரஞ்சு நிறம்.

பெரிய பாடி வேலைக்கு முன் சர்வீஸ் பிளக் என்ற பாகத்தை உருவி இந்த லைனைத் துண்டிக்க வேண்டும். உருவிய பிறகும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், 10 நிமிடம் காத்திருந்து மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்கச் சொல்கிறது டொயோட்டாவின் வழிமுறை. வேலை முடிந்து அந்த பிளக்கைத் திரும்ப மாட்டும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிளக்கைச் சொருகினால் மட்டும் போதாது. கைப்பிடியை மடக்கி, பிறகு பூட்டும் நிலைக்குத் தள்ள வேண்டும். பாதியில் விட்டால் பாதுகாப்புப் பூட்டு மூடவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். ‘ரெடி’ விளக்கு வராது, வண்டி நகராது. ஸ்கேனரில் பி0ஏ0டி என்ற கோடு வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று. இதைத் தெரியாமல், ஹைபிரிட் பேட்டரியே போச்சு என்று பெரிய எஸ்டிமேட் போட்டால் நஷ்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

முன்பக்கம் அடிபட்ட வண்டியில் கூலன்ட்டையும் பார்க்க வேண்டும். டொயோட்டா ஹைபிரிட்களில் எஞ்சினுக்கு ஒரு கூலன்ட் டேங்க், இன்வெர்ட்டருக்குத் தனி டேங்க். ரேடியேட்டர் கழற்றி மாட்டியவர் எஞ்சின் டேங்கை மட்டும் நிரப்பிவிட்டு இன்னொன்றை மறந்தாலோ, நிரப்பியும் உள்ளே காற்று அடைத்துக்கொண்டாலோ இன்வெர்ட்டர் சூடேறும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. வெயிலில் மதுரை வரை ஒரு ஓட்டம் போனால் வார்னிங் வரும்.

பட்டி தேய்த்த தூசியும் ஒரு வில்லன். ஹைபிரிட் பேட்டரியைக் குளிர்விக்க காருக்குள்ளிருந்தே காற்றை இழுக்கும் துவாரம் பல மாடல்களில் உண்டு. சீட்டுக்குப் பக்கத்திலோ அடியிலோ இருக்கும். மூடாமல் தேய்த்தால் அந்தத் தூள் முழுக்க ஃபில்டரில் போய் அடைக்கும். அதே மாதிரி, பெயிண்ட் காய வைக்கும் சூட்டு அறையில் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்பதற்கு கம்பெனியின் ரிப்பேர் மேனுவலில் வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் அடி வாங்குவது பேட்டரி.

ஏர்பேக் லைட்: இதில் மட்டும் சமாதானம் கூடாது

சீட்டைக் கழற்றி வேலை பார்க்கும்போது அடியில் மஞ்சள் நிற கனெக்டர்கள் தெரியும். பக்கவாட்டு ஏர்பேக், சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கருவி ஆகியவற்றின் லைன்கள் அவை. அவற்றைப் பிரித்துவிட்டு யாராவது சாவி போட்டால் உடனே கோடு பதிவாகும். திரும்பச் சொருகினாலும் பல வண்டிகளில் ஸ்கேனர் போட்டு அழித்தால்தான் லைட் போகும். இது சாதாரண வகை.

ஏர்பேக் வெடித்த வண்டி என்றால் ரொம்ப கவனம் தேவை. வெடித்த பை, பெல்ட் கருவி, கம்பெனி சொல்லும் சென்சார்கள், கன்ட்ரோல் யூனிட் எல்லாம் மாற்றப்பட வேண்டும். செலவு அதிகம் என்பதால், பை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து கம்ப்யூட்டரை ஏமாற்றும் வேலை உலகம் முழுக்க நடக்கிறது. லைட் அணைந்துவிடும். அடுத்த விபத்தில் பை வராது.

வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யலாம். சாவியை ஆன் செய்ததும் (பட்டன் வண்டி என்றால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தி) ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். விளக்கையே யாரோ துண்டித்திருக்கலாம். பழைய கார் வாங்குகிறவர்களும் செய்ய வேண்டிய சோதனை இது. ஆனால் ரெசிஸ்டர் வைத்த வண்டி இதில் பாஸ் ஆகிவிடும் என்பதால், விபத்துக்குள்ளான வண்டி என்று தெரிந்தால் பில்லில் எந்தெந்த ஏர்பேக் பாகம் மாற்றப்பட்டது என்று பார்ப்பதே உறுதி.

லைட்டே எரியாத ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் 2010 மாடல் ஹோண்டா ஃபிட் (நம்ம ஊர் ஜாஸ்) ஒன்றின் கூரையை, கம்பெனி சொன்னபடி வெல்ட் செய்யாமல் பசை போட்டு ஒட்டியிருந்தது ஒரு பாடி ஷாப். அது தெரியாமல் பழைய காராக வாங்கிய தம்பதி 2013இல் விபத்தில் சிக்கிப் படுகாயம் அடைந்தார்கள். 2017இல் டல்லஸ் ஜூரி அந்த பாடி ஷாப் தரப்பின் பங்காக 3.15 கோடி டாலர் விதித்தது. டேஷ்போர்டில் எந்த லைட்டும் இதைக் காட்டியிருக்காது.

ரேடாருக்கு மேல் பட்டி போட்டால்?

ஹைகிராஸின் உயர் வேரியன்ட், சிட்டி ஹைபிரிட் போன்றவற்றில் முன்னால் போகும் வண்டியைக் கண்காணிக்கும் வசதி உண்டு. சிட்டியில் அதற்குக் கண்ணாடியில் கேமரா. ஹைகிராஸில் கேமராவோடு முன்புறம் ரேடாரும் இருக்கிறது. பின்பக்கம் வரும் வண்டியைச் சொல்ல பின் பம்பர் பக்கமும் சென்சார் உண்டு. இந்த ரேடார் பிளாஸ்டிக் பம்பருக்குள் ஊடுருவிப் பார்க்கக்கூடியது. ஆனால் உடைந்த பம்பரை ஒட்டி, மேலே தடிமனாகப் பட்டி போட்டு, இரண்டு மூன்று கோட் பெயிண்ட் அடித்தால் அதன் பார்வை மங்கும். அதனால்தான் ரேடார் இருக்கும் பகுதியில் பம்பரை ஒட்டாமல் புதிதாக மாற்றச் சொல்கின்றன பல கம்பெனிகள். முன்லோகோவுக்குப் பின்னால் ரேடார் இருக்கும் வண்டியில் கடையில் வாங்கிய லோகோவை மாட்டினாலும் இதே தொல்லை வரலாம்.

பம்பர், விண்ட்ஷீல்டு, சஸ்பென்ஷன் எதைத் தொட்டாலும் ‘கேலிபரேஷன்’ தேவையா என்று கேட்க வேண்டும். ரேடாரும் கேமராவும் நேராகப் பார்க்கின்றனவா என்று சரிசெய்வதுதான் அது. முதலில் வீல் அலைன்மென்ட், பிறகுதான் இது. வரிசை மாறினால் மறுபடி முதலில் இருந்து செய்ய வேண்டும். சில வண்டிகளுக்கு சமதளத்தில் அளவு பார்த்துப் பலகை வைத்துச் செய்வார்கள். சிலவற்றை குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செய்ய வேண்டும். அதற்கு லேன் கோடு தெளிவாகத் தெரியும் சாலை வேண்டும். கோடு அழிந்த ஊர்ச்சாலையில் சுற்றினால் ஆகாது. விருதுநகர், சாத்தூர் வழியாகப் போகும் நான்குவழிச் சாலை மாதிரி இடத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

வேலைக்கு முன் ஒரு ஸ்கேன், முடிந்த பின் ஒரு ஸ்கேன். 2016இலேயே ஹோண்டா அமெரிக்காவில் தன் கார்களுக்கு, மோதல் வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் அவசியம் என்று அறிவித்துவிட்டது. இரண்டு ரிப்போர்ட்டையும் பிரின்ட்டாகவோ வாட்ஸ்அப்பிலோ வாங்கி வைத்துக்கொண்டால், எந்தக் கோடு விபத்தால் வந்தது, எது பட்டறையில் வந்தது என்று பிறகு சண்டை போட வேண்டியதில்லை. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓபிடி கருவி பெரும்பாலும் எஞ்சின் கோடை மட்டும்தான் படிக்கும். ஏர்பேக், ஹைபிரிட், பிரேக் எல்லாவற்றையும் படிக்க கம்பெனி ஸ்கேனரோ அதற்கு இணையானதோ வேண்டும். தனியார் பட்டறையில் பாடி வேலையை முடித்துவிட்டு, ஸ்கேனுக்கு மட்டும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதில் தப்பே இல்லை.

கோடை அழித்துக் கொடுத்தால் வேலை முடிந்ததாக அர்த்தம் இல்லை. சில கோடுகள் இன்னும் சில முறை ஸ்டார்ட் செய்த பிறகோ, குறிப்பிட்ட வேகத்தில் ஓடிய பிறகோதான் திரும்ப வரும். அழித்த பின் நல்ல ஓட்டம் ஒன்று போய்வந்து மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்ல வேண்டும். சிவப்பு லைட் எரிந்தாலோ, பிரேக் வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ ஓட்டிப் பார்க்கும் பேச்சே வேண்டாம், டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

இன்சூரன்ஸ் தருமா?

விபத்தால் வந்த சேதம் என்று சர்வேயர் ஏற்றுக்கொண்டால் அந்த வேலைக்கு கிளெய்ம் உண்டு. பிரித்த பிறகு புதுச் சேதம் தெரிந்தால் வேலையைத் தொடங்கும் முன் கூடுதல் எஸ்டிமேட் போட்டு சர்வேயரிடம் காட்டச் சொல்ல வேண்டும். ஸ்கேன், கேலிபரேஷன் செலவும் அதே எஸ்டிமேட்டில் தனி வரியாக இருக்கட்டும். பட்டறையின் கவனக்குறைவால் வந்த கோளாறை இன்சூரன்ஸ் ஏற்காது; அதைப் பட்டறைதான் சரிசெய்து தர வேண்டும்.

கையில் இருந்து போகும் பணத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஹைபிரிட்டில் இந்தக் கணக்கு கடுமையாக வலிக்கும். ‘ஜீரோ டெப்’ எடுத்திருந்தால் இந்தக் கழிவு கிடையாது. கட்டாயக் கழிவுத் தொகை 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். 1490 சிசி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் முதல் வகை, 1987 சிசி ஹைகிராஸ் இரண்டாம் வகை.

லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே ‘வேலை திருப்தி’ என்ற தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடக் கூடாது. அவசரமாக வண்டியை எடுத்தே ஆக வேண்டும் என்றால், எந்தெந்த லைட் எரிகிறது என்று அதே தாளில் எழுதிவிட்டு, மீட்டரை கிலோமீட்டர் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டறை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாம். அடுத்த படி, ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

எல்லாப் பழியையும் பட்டறை தலையில் போடுவதற்கு முன் ரீகால் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2023 ஜனவரியில் ஏர்பேக் கன்ட்ரோலர் கோளாறுக்காக கிராண்ட் விட்டாரா உட்பட 17,362 கார்களை மாருதி திரும்ப அழைத்தது. 2025 நவம்பரில் எரிபொருள் மீட்டரும் அதன் எச்சரிக்கை விளக்கும் சரியாகக் காட்டாமல் போகலாம் என்று 39,506 கிராண்ட் விட்டாராக்களை அழைத்தது. காரின் சேசிஸ் நம்பரை கம்பெனி இணையதளத்தில் போட்டால் உங்கள் வண்டி அதில் இருக்கிறதா என்று காட்டிவிடும். இருந்தால் அந்த வேலை இலவசம்.