ஒரு சாண் இறப்பர்க் குழாயின் வரலாறு

ஒரு சாண் நீளமுள்ள இறப்பர்க் குழாய்க்கும் வரலாறு உண்டோ என வினவுவோர் உளர். மன்னர் முடிசூடியதையும் மந்திரிசபை கவிழ்ந்ததையும் மட்டுமே வரலாறெனக் கற்ற நமக்கு இவ்வினா எழுவது இயல்பே. ஆயின், மனிதனின் உழைப்பினால் உருவான எப்பொருளையும் பிரித்துப் பார்த்தால், அதனுள்ளே உலகின் பொருளாதாரமும் அடக்குமுறையும் அறிவின் வெற்றியும் ஒருங்கே மடிந்து கிடப்பதைக் காணலாம். பழைய மோட்டார்க் கார்களில் பெற்றோலை எஞ்சினுக்குக் கொண்டு செல்லும் இறப்பர்க் குழாயும் அத்தகையதே.

பெற்றோல் தாங்கி பெரும்பாலும் காரின் பின்புறத்தில் இருக்கின்றது. அங்கிருந்து உலோகக் குழாய் ஒன்று காரின் அடிப்பகுதி வழியே முன்னே வருகின்றது. காரின் உடலோ அசைவற்று நிற்க, எஞ்சின் இடையறாது நடுங்குகின்றது. இவ்விரண்டையும் உலோகத்தால் இணைப்பின், நாளடைவில் அது வெடித்துவிடும். ஆகவே வளைந்து கொடுக்கும் ஒரு துண்டு இறப்பர் அங்கே தேவைப்படுகின்றது. அத்துண்டு முதுமையடைந்து இறுகி வெடிக்கும்போது, கசியும் பெற்றோல் கொதிக்கும் புகைக்குழாயின்மேல் விழுகின்றது. சில நிமிடங்களில் கார் எரிந்து சாம்பலாவதற்கு இதுவே போதுமானது.

இறப்பருக்கும் பெற்றோலுக்கும் உள்ள பகை மிகப் பழையது. 1823ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மக்கின்ரொஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நப்தாவில் இறப்பரைக் கரைத்து, அதனை இரு துணிகளுக்கிடையே பூசி, மழைநீர் புகாத ஆடையைச் செய்தார். நப்தா பெற்றோலின் நெருங்கிய உறவுப்பொருள். இறப்பரைக் கரைக்கும் குணமே இறப்பர்க் கைத்தொழிலுக்கு வித்திட்டது. அக்குணமே பின்னாளில் மோட்டார்ப் பொறியியலாளருக்குத் தலையிடியாகவும் அமைந்தது. 1839இல் சார்ள்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டார். கோடையில் உருகாமலும் குளிரில் நொறுங்காமலும் இருக்கும் இறப்பர் அவ்வாறு பிறந்தது. ஆனால் அதுவும் பெற்றோலிற் கரையாவிடினும் பெற்றோலைக் குடித்து வீங்கி வலுவிழந்தது. கண்டுபிடித்தவரோ 1860இல் கடனாளியாகவே இறந்தார்.

1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரை உருவாக்கியபின் இறப்பருக்கான பசி உலகெங்கும் மூண்டது. அப்பசிக்கு முதலில் இரையானோர் ஆபிரிக்க மக்களும் அமேசன் காட்டின் ஆதிக்குடிகளுமாவர். கொங்கோவைத் தன் தனிச் சொத்தாகக் கொண்டிருந்த பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்டின் ஆட்சியில், குறித்த அளவு இறப்பர் கொண்டுவராத கிராமங்கள் எரிக்கப்பட்டன. மனிதரின் கைகள் வெட்டப்பட்டன. 1904இல் ரோஜர் கேஸ்மன்ற் வெளியிட்ட அறிக்கை இக்கொடுமைகளை உலகறியச் செய்தது. 1908இல் மன்னன் அந்நாட்டைப் பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க நேர்ந்தது.

இதற்கிடையே நமது நாடும் இக்கதையில் இடம்பெற்றுவிட்டது. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரத் தோட்டத்திற்கு அனுப்பினார். அவற்றுள் முளைத்தவை சில ஆயிரமே. அக்கன்றுகளிற் பெரும்பாலானவை அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அதன்பின் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் குன்றுகளில் இறப்பர் மரங்கள் அணிவகுத்தன.

மரத்தை நட்டது மூலதனம் என்று பாடநூல்கள் கூறும். உண்மையில் நட்டதும் வளர்த்ததும் பால் வடித்ததும் தொழிலாளரின் கைகளே. வெயிலேறினால் பால் சுரப்புக் குறையுமாதலால், இருள் பிரியுமுன்னரே கத்தியுடன் மலையேறி, நூற்றுக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாகச் சீவிச் செல்லுதல் அவர்களின் அன்றாடப் பணி. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் அயற் கிராமங்களின் சிங்கள உழைப்பாளரும் அத்தோட்டங்களில் ஒரே வேலையைச் செய்தனர். அவ்வாறிருந்தும், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் முன்னவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டியவர்க்கே நாடு இல்லையென்ற அந்த அநீதியின் இறுதி எச்சத்தை நீக்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

இத்தனை உழைப்பும் உறிஞ்சிப் பெற்ற இயற்கை இறப்பர், ரயருக்கு உகந்ததாயினும் பெற்றோல் குழாய்க்கு உதவவில்லை. காரணம் எளிது. இறப்பரும் பெற்றோலும் கரியமும் ஐதரசனும் சேர்ந்தமைந்த ஒரே இனப் பொருள்கள். இனம் இனத்தோடு கலக்கும். ஆகவே பெற்றோலோடு ஒட்டாத கூறொன்றை இறப்பரின் மூலக்கூற்றுள் புகுத்த வேண்டியிருந்தது. 1930களில் ஜேர்மனியின் ஐ.ஜி. பார்பன் நிறுவனத்து இரசாயனவியலாளர் பியூற்றடையீனையும் அக்ரிலோநைத்திரைலையும் இணைத்து, எண்ணெய்க்கு அஞ்சாத நைத்திரைல் இறப்பரை ஆக்கினர். பெற்றோல் குழாய்களின் உட்சுவர் பின்னர் நெடுங்காலம் இப்பொருளாலேயே அமைந்தது.

விஞ்ஞானத்தின் இவ்வெற்றியைப் போற்றும் நாம், அதே நிறுவனம் அடுத்து நடந்த வழியையும் மறத்தலாகாது. போலந்தின் மொனோவிற்ஸில், அவுஷ்விற்ஸ் வதைமுகாமின் அருகே, அது செயற்கை இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றைக் கட்ட முனைந்தது. அதற்கெனக் கைதிகளுக்குத் தனிமுகாமே 1942இல் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கைதிகள், பெரும்பாலும் யூதர்கள், வேலைப்பளுவாலும் பட்டினியாலும் அங்கே மடிந்தனர். அத்தொழிற்சாலை ஓர் இறாத்தல் இறப்பரைத்தானும் உற்பத்தி செய்யவில்லை. போரின்பின் நூரம்பேர்க்கில் அந்நிறுவனத்தின் அதிகாரிகள் 13 பேர் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். கொங்கோவிலே காட்டுக்கொடிக்காக நடந்த கொடுமை ஐரோப்பாவிலே ஆய்வுகூடப் பொருளுக்காக நடந்தது. பொருள் மாறியது, இலாபத்தின் நியதி மாறவில்லை.

1942இல் மலாயாவையும் டச்சு இந்தியத் தீவுகளையும் ஜப்பான் கைப்பற்றியபோது நேசநாடுகளுக்கு எஞ்சிய முக்கிய இறப்பர் மூலம் இலங்கையே. மரங்களின் ஆயுளையும் பாராது மிகையாகச் சீவப்பட்டன. போர் முடிந்ததும் அமெரிக்கச் செயற்கை இறப்பர் சந்தையில் நின்றது. இந்நெருக்கடியில் 1952இல் மக்கள் சீனத்துடன் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தம், ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசியை உறுதிசெய்தது. வல்லரசின் அதிருப்தியையும் மீறிச் சிறுநாடொன்று தன் மக்களின் சோற்றை முதன்மையாகக் கொண்ட நிகழ்ச்சி அது.

நைத்திரைல் இறப்பரும் நிரந்தரமானதன்று. வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் அதனை வெளியிலிருந்து தாக்குகின்றன. எரிபொருளின் சேர்க்கையும் காலந்தோறும் மாறி வந்துள்ளது. ஈயம் நீக்கப்பட்டபின் பல நாடுகளில் அரோமற்றிக் பொருள்கள் கூட்டப்பட்டன. பிரேசில் 1975 முதல் எதனோலைப் பெருமளவிற் கலந்தது. பிரித்தானியா 2021இல் 10 வீத எதனோலுக்கு மாறியது. பழைய குழாய்கள் இவற்றைத் தாங்குவதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. அதனாலேயே புளோரின் கலந்த இறப்பரை உட்சுவராகக் கொண்ட குழாய்கள் தோன்றின.

நம் நாட்டில் பழைய கார் ஆடம்பரப் பொருளன்று, தேவையின் விளைவு. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி மீண்டும் மீண்டும் தடைப்பட்டது; 2020இல் விதிக்கப்பட்ட வாகனத் தடை, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 வரை நீடித்தது. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழிருந்த யாழ்ப்பாணத்தில் மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றை ஓடச்செய்த மெக்கானிக்குகளின் அறிவு எந்தப் பாடநூலிலும் எழுதப்படவில்லை.

அவ்வறிவு நமக்குக் கூறுவது இதுவே: வளைத்துப் பார்க்கையில் வெடிப்புத் தோன்றும் குழாயும், ஊதி மெதுமெதுத்த குழாயும், பெற்றோல் மணக்கும் குழாயும் அன்றே மாற்றப்படல் வேண்டும். ஒன்று பழுதாயின் அதனோடு பிறந்த மற்றவையும் பழுதே. ஆகவே எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுதல் நன்று. தண்ணீர்க் குழாயை அவ்விடத்திற் பொருத்துதல் உயிரோடு விளையாடுவதாகும். எரிபொருளுக்கென ஆக்கப்பட்டதா, எந்தத் தரத்தினது என்பது குழாயின்மீதே அச்சிடப்பட்டிருக்கும். எஞ்சின் ஆறியபின், பற்றரியின் இணைப்பைக் கழற்றி, நெருப்பு அண்டாத திறந்த வெளியிலேயே இவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். சாதாரண இறப்பர் வளையம் ஒன்றை மூடியுள்ள போத்தலில் மண்ணெண்ணெயில் இட்டு, மறுநாள் மாணவர் முன் எடுத்துக் காட்டுங்கள். அது வீங்கியிருக்கும். ஏன் வீங்கியது என்பதை இரசாயனப் பாடமாக விளக்குங்கள். அப்பாலை யார் வடித்தார்கள், என்ன கூலி பெற்றார்கள், எந்த உரிமையை இழந்தார்கள் என்பதையும் அதே வேளையிற் சொல்லுங்கள். இரண்டும் ஒரே பாடம்.