பழைய கார்களில் மைலேஜ் குறைவும் பெட்ரோல் வாடையும்

பழைய பெட்ரோல் கார்களில் மைலேஜ் குறைவதும் பெட்ரோல் வாடை அடிப்பதும் பல நேரங்களில் சேர்ந்தே வரும் கோளாறுக் குறிகள். டேங்கில் ஊற்றிய பெட்ரோல் மூன்று வழிகளில் வீணாகலாம்: சொட்டுச் சொட்டாக ஒழுகலாம், ஆவியாகப் பறக்கலாம், அரைகுறையாக எரிந்து சைலன்சர் வழியே வெளியேறலாம். எந்த வழியில் போகிறது என்பதை, வாடை எப்போது, எங்கே அடிக்கிறது என்பதைக் கொண்டே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். வாடையே இல்லாமல் மைலேஜ் மட்டும் குறைந்தால், காரணம் பெரும்பாலும் கார்புரேட்டருக்கு வெளியே இருக்கும்.

பின்னணி

இந்தியாவில் இக்கோளாறுகளுக்குப் பெயர்போனவை கார்புரேட்டர் காலத்துக் கார்கள். உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த 1,489 சிசி அம்பாசடர், மும்பை குர்லாவில் பிரீமியர் நிறுவனம் தயாரித்த 1,089 சிசி பத்மினி, 1983 டிசம்பரில் வெளிவந்த 796 சிசி மாருதி 800 ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

பெட்ரோல் சரியாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இது ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. மின்னணு ஊசிப்பு முறையில் உணரிகள் இந்த விகிதத்தைக் கண்காணித்துத் திருத்துகின்றன. கார்புரேட்டரிலோ ஜெட்டின் துளை, மிதவையின் உயரம், காற்றின் உறிஞ்சல் ஆகியவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஒன்று பிசகினாலும் கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாவது உடனே தெரிவதில்லை.

மைலேஜை அளவிடுதல்

பெட்ரோல் முள்ளை நம்பிக் கணக்கிடுவது தவறு. டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதே பெட்ரோல் பங்கில் மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். இதை இரண்டு மூன்று முறை செய்தால்தான் எண் நம்பத்தக்கதாகும். டயர் அளவை மாற்றியிருந்தாலோ ஸ்பீடோமீட்டர் கேபிள் பழுதாகியிருந்தாலோ தூரக் கணக்கே பிழைபடும்.

ஒப்பிட வேண்டியது அதே காரின் பழைய மைலேஜோடுதான். சில கார்கள் பிறவியிலேயே பெட்ரோல் குடிப்பவை. சென்னையை அடுத்த ஆலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்து 1985இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000, பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 உடலில் பழைய வேன்கார்டு காலத்து இயந்திரத்தைத் தாங்கி வந்தது. மைலேஜில் கெட்ட பெயர் வாங்கிய அந்தக் கார் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. வடிவமைப்பில் உள்ள குறையை டியூனிங் தீர்க்காது.

வாடை அடிக்கும் நேரமும் இடமும்

- டேங்கை நிரப்பிய உடனே, டிக்கிப் பக்கம்: நிரப்புக் குழாயின் ரப்பர் இணைப்பு, மூடியின் வாஷர், டேங்க் மிதவை அளவியின் கேஸ்கெட்.
- இரவு நிறுத்தி வைத்தபின், காருக்கு அடியில்: டேங்கின் துரு ஓட்டை, பெட்ரோல் குழாய், வெடித்த ஓஸ்.
- ஓடிக்கொண்டிருக்கும்போது, பானெட் பக்கம்: கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ, பம்ப் கசிவு, தளர்ந்த கிளிப்.
- ஓட்டி நிறுத்திய சில நிமிடங்களில்: இயந்திரச் சூட்டில் மிதவை அறைப் பெட்ரோல் ஆவியாதல்.
- சைலன்சரில், கரும்புகையோடு: பெட்ரோல் மிகுந்த கலவை அல்லது மிஸ்ஸிங் (தீப்பொறி தவறுதல்).
- ஆயில் குச்சியில்: பம்பின் டயாபிரம் கிழிவு, அல்லது மிகை பெட்ரோல் சிலிண்டர் வழியே கீழிறங்குதல்.

ஒழுகல் சிறிதென்று விடுவதற்கில்லை. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு ஏறத்தாழ 180 மில்லி. பத்து மணி நேர இரவில் 1.8 லிட்டர். கோடையில் சொட்டு தரையில் தேங்குமுன் உலர்ந்துவிடுவதால், ஈரத்தைவிட இணைப்புகளில் படிந்த பழுப்புக் கறையைத் தேடுவது பயன் தரும்.

கார்புரேட்டர்

ஓவர்ஃப்ளோவுக்கு முதல் காரணம் மிதவையும் ஊசி வால்வும். பித்தளை மிதவையில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் உள்ளே புகுந்து அது மூழ்கும், வால்வு மூடாது. மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே சலசலக்கும். வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். ஊசியின் முனை தேய்ந்தாலும், டேங்கின் துருத்தூள் அதில் சிக்கினாலும் இதே விளைவுதான்.

அடுத்தது சோக். குளிர் காலையில் இழுத்த சோக்கை உள்ளே தள்ளியும் கேபிள் சிக்கியதால் தகடு பாதி மூடியே நின்றால், கலவை ஓயாமல் செறிவாகும். காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் கார்புரேட்டர் கார்களில் மைலேஜ் குறையும். ஊசிப்பு முறைக் கார்களில் உணரிகள் சரிசெய்துவிடுவதால், இழுவை குறையுமே தவிர மைலேஜ் அவ்வளவாகப் பாதிக்கப்படாது.

பெட்ரோல் பம்ப்

பழைய இயந்திரங்களில் பம்ப், கேம் தண்டின் தள்ளலில் இயங்கும் டயாபிரம் வகை. டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் வெளியே சொட்டலாம், அல்லது இயந்திரத்துக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கலாம். இரண்டாவதே ஆபத்தானது. ஆயில் மட்டம் காரணமின்றி ஏறும், குச்சியில் பெட்ரோல் வாடை அடிக்கும், நீர்த்த ஆயிலால் பேரிங் தேயும். பம்பை மாற்றுவதோடு ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

கோடையில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் தடைபடுவது வேறு கோளாறு. அம்பாசடர், பத்மினி ஓட்டுநர்கள் பம்பின்மேல் ஈரத்துணி போட்டது இதற்காகத்தான். இதில் பெட்ரோல் பற்றாமல் கார் நிற்குமே தவிர, மிகுந்து வீணாவதில்லை.

இக்னிஷன்

தீப்பொறி தவறும்போது அந்தச் சிலிண்டரின் பெட்ரோல் எரியாமலே சைலன்சருக்குப் போகும். வாடையும் மைலேஜ் குறைவும் கார்புரேட்டர் கோளாறைப் போலவே தோன்றுவதால், கலவைத் திருகைத் தொடும்முன் இக்னிஷனைச் சோதிப்பது முறை. பிளக்கின் முனை வெளிர்பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகை. ஒரே ஒரு பிளக் மட்டும் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக்கையோ ஒயரையோ பார்க்க வேண்டும்.

அம்பாசடரின் 1,489 சிசி இயந்திரத்தில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சுற்றைத் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பாயின்ட்டின் நார்க்குதி தேயத் தேய இடைவெளி குறுகும். அதனால் தீப்பொறி தாமதமாகும். டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் டயாபிரம் கிழிந்தால் வாடை ஏதும் இல்லாமலே மைலேஜ் விழும்.

வாடையில்லாத மைலேஜ் குறைவு

விடாமல் உரசும் பிரேக், நழுவும் கிளட்ச், காற்று குறைந்த டயர், பிசகிய சக்கர நேர்ப்பாடு, குறுந்தூர ஓட்டங்கள் ஆகியவை பொதுக் காரணங்கள். பிரேக் அதிகம் போடாமல் ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது என்று பொருள்.

கவனத்தில் தப்பும் ஒன்று தெர்மோஸ்டாட். இயந்திரம் சூடாகிறது என்று சில மெக்கானிக்குகள் அதைக் கழற்றி எறிந்துவிடுவதுண்டு. பிறகு இயந்திரம் உரிய சூட்டை அடையத் தாமதமாகும். குளிர்ந்த சிலிண்டர் சுவரில் படியும் பெட்ரோல் சரியாக எரியாது.

எத்தனால் கலப்பு

இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 சதவீதத்தையும் 2025இல் 20 சதவீதத்தையும் எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. எனவே 20 சதவீதக் கலப்பில் எந்தக் கோளாறும் இல்லாமலே மைலேஜ் ஓரளவு குறையும். பழைய ரப்பர் ஓஸ்களையும் கார்க் கேஸ்கெட்டுகளையும் எத்தனால் ஊறச்செய்து கெடுப்பதால் கசிவும் தொடங்கலாம். அவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதே தீர்வு.

பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையிலும் சர்வீஸ் குழியிலும் தேங்கும். காற்றில் அது 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். எனவே சோதனையைத் திறந்த வெளியில், பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் அருகில் இல்லாமல், பேட்டரியைக் கழற்றிவைத்துச் செய்ய வேண்டும். பெட்ரோலில் புற்றுநோய் விளைவிக்கும் பென்சீன் இருப்பதால், குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவதும் கூடாது. ஒழுகல் கண்ணுக்குத் தெரிந்த காரை, பட்டறைவரைதானே என்று ஓட்டிச் செல்லாமல் இழுத்துச் செல்ல வேண்டும்; சூடேறும் சைலன்சர் குழாய் பெட்ரோல் இணைப்புகளுக்கு அருகிலேயே ஓடுகிறது.