படகில் சுரண்டிய பெயிண்டும் ஒரு சிப்பி வளைகுடாவும்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். விசைப்படகுகளைக் கரையேற்றி, அடிப்பக்கம் சுரண்டி, புது பெயிண்ட் அடிப்பது அவன் தொழில். "சுரண்டின தூளை எல்லாம் தண்ணியிலேயே தள்ளிடுறோம். தப்பா சார்?" என்று கேட்டான். கடலே இல்லாத மண்ணாடிப்பட்டில் பாடம் நடத்திய எனக்கு உடனே பதில் வரவில்லை. படித்துவிட்டு எழுதுகிறேன்.

படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டினால் வேகம் குறையும், டீசல் செலவு கூடும். நம் கட்டுமரத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. கரைக்கு இழுத்துக் காயப் போட்டுவிடுவார்கள். தண்ணீரிலேயே கிடக்கும் கப்பலுக்கு மருந்து தேவைப்பட்டது. 1761இல் ஆங்கிலேயக் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடியில் தாமிரத் தகடு அடித்தது. பிறகு தாமிர பெயிண்ட் வந்தது. 1960களில் வெள்ளீயத்திலிருந்து செய்த டிரைபியூட்டைல்டின், சுருக்கமாக டிபிடி, பரவியது.

பிரான்சில் இருக்கும் நம் உறவுகளுக்கு போர்தோ பக்கத்து அர்காஷோன் வளைகுடா தெரிந்திருக்கும். சிப்பி வளர்ப்புக்குப் பேர் போனது. 1970களின் பிற்பாதியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடு தடித்துக் கோணிப்போனது. காரணம், உல்லாசப் படகுகளில் பூசிய டிபிடி. 1982இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு பிரான்சு அதைத் தடை செய்தது. சிப்பிக் குஞ்சுகள் திரும்பி வந்தன.

100 கோடி லிட்டர் கடல்நீரில் ஒரு கிராம் கலந்தாலே போதும், சிலவகைப் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்துவிடும். ஆனாலும் உலகம் முழுமைக்குமான ஒப்பந்தம் 2001இல்தான் கையெழுத்தானது. நடைமுறைக்கு வர 2008 ஆயிற்று.

இப்போது மறுபடியும் தாமிரம்தான். டிபிடி அளவுக்குக் கொடியது அல்ல, ஆனால் மக்காது. சுரண்டிய பழைய பெயிண்டிலும் தாமிரம் மிச்சம் இருக்கும். தூளானால் தண்ணீர் படும் பரப்பு கூடுகிறது. அதனால் இன்னும் வேகமாகக் கரையும். மீதி சேற்றில் படிந்துவிடும்.

ஆகவே தப்புதான் தம்பி. கீழே தார்ப்பாய் விரி. நனைத்துச் சுரண்டு, முகமூடி போட்டுக்கொள், அந்தத் தூள் முதலில் போவது உன் நுரையீரலுக்கு. மூட்டை கட்டி ஆபத்தான கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கச் சொல். அந்தச் செலவு படகுக்காரருடையது, உன் கூலியில் பிடிக்கக் கூடாது.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊரைத் தொட்டு ஓடும் சங்கராபரணியும் கடலுக்குத்தான் போகிறது. வீட்டு பெயிண்ட் டப்பாவை வாய்க்காலில் கழுவும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.