சிப்பாயின் இலக்கணப் புத்தகம்

முப்பது நாளில் ஆங்கிலம் கற்பிப்பதாகச் சொல்லும் நூல்களைப் பேருந்து நிலையக் கடைகளில் கண்டால், இலக்கிய வாசகர்களாகிய நாம் ஒரு புன்னகையோடு கடந்துவிடுகிறோம். வீட்டிலிருந்தே கற்போருக்கான ஆங்கில நூல்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஏழைகளுக்காக எழுதப்பட்டது.

அதன் ஆசிரியர் வில்லியம் காபெட். 1763இல் இங்கிலாந்தின் ஃபார்னம் என்னும் ஊரில் பிறந்து, சிறுவயதிலேயே வயல்வேலைக்குச் சென்றவர். 1784இல் படையில் சேர்ந்தார். நாளொன்றுக்கு ஆறு பென்ஸ் கூலி. ஆயர் ராபர்ட் லௌத் எழுதிய இலக்கண நூலை வாங்கி, முழுவதையும் மீண்டும் மீண்டும் கையால் படியெடுத்தார். காவல் நிற்கும் நேரத்தில் மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தார். படுக்கையின் விளிம்பே இருக்கை, முதுகுப்பையே நூலகம், மடியில் வைத்த பலகையே மேசை. மெழுகுவத்திக்குக் காசில்லை, குளிர்கால இரவுகளில் கணப்பின் வெளிச்சம்தான், அதுவும் தம் முறை வரும்போது மட்டும். தாளும் பேனாவும் வாங்கப் பட்டினி கிடந்தார். மறுநாள் மீன் வாங்க மிச்சம் பிடித்திருந்த அரைப் பென்னி தொலைந்த இரவில், போர்வைக்குள் முகம் புதைத்துக் குழந்தைபோல் அழுததைப் பின்னாளில் அவரே பதிவுசெய்திருக்கிறார்.

இத்தனை பாடும் எதற்கு? அக்காலத்தில் இலக்கணம் வெறும் நயத்துக்கான பொருளன்று. 1793இல் வாக்குரிமைச் சீர்திருத்தம் கோரி ஷெஃபீல்டு மக்கள் அனுப்பிய மனுவை, அதன் மொழி மரியாதைக் குறைவானது என்று கூறி நாடாளுமன்றம் ஏற்க மறுத்தது. கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டிய தேவையே எழவில்லை. மொழியைக் குறைசொன்னால் போதுமாயிருந்தது.

1817இல் ஆட்கொணர்வு உரிமை நிறுத்திவைக்கப்பட்டபோது, பத்திரிகையாளராக அரசின் பகையைத் தேடிக்கொண்டிருந்த காபெட் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். அங்கிருந்தபடி, தம் மகன் ஜேம்ஸுக்கு எழுதும் கடிதங்களின் வடிவில் ஆங்கில இலக்கணம் ஒன்றை இயற்றி 1818இல் வெளியிட்டார். படைவீரர், கடலோடிகள், தொழில் பழகுவோர், ஏர் உழும் சிறுவர் ஆகியோருக்கு உரியது என்று முகப்பிலேயே அறிவித்தார். பிழைகளுக்கு எடுத்துக்காட்டு காட்ட அவர் ஏழைகளின் பேச்சை நாடவில்லை; டாக்டர் ஜான்சனின் எழுத்திலும் அரசரின் உரையிலும் பிழை கண்டு காட்டினார். 1823ஆம் ஆண்டுப் பதிப்பில், அரசியல் தலைவர்கள் பிழையாக எழுதாதிருக்க ஆறு பாடங்களையும் சேர்த்தார்.

மேட்டுக்குடியினரின் விதிகளை அவர் மறுக்கவில்லை என்பது உண்மையே. அவ்விதிகளை ஏழைகளின் கைக்கு மாற்றித் தந்தார் என்பதே அவருடைய சாதனையாக நமக்குப் படுகிறது. 1832இல் ஓல்டம் தொகுதியிலிருந்து அதே நாடாளுமன்றத்துக்கு உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேருந்து நிலையத்தில் அந்த மலிவுப் பதிப்பைப் புரட்டிக்கொண்டு நிற்கும் இளைஞனைக் காணும்போது, இனி நம் புன்னகையைச் சற்றே அடக்கிக்கொள்ளலாம்.