ஒப்புரவும் ஒரே பாத்திரமும்

மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு வழங்கும் அறிவுரை ஒன்றில் வரிசைமுறையே முதன்மையானது. காணிக்கையுடன் பலிபீடத்தருகே நிற்பவர், தம்மீது சகோதரருக்குக் குறை உண்டு என்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுச் சென்று உறவைச் சீர்செய்ய வேண்டும். வழிபாடு அதன் பின்னரே. இச்செயலைக் குறிக்கத் தமிழ் விவிலியம் ஆளும் சொல் ‘ஒப்புரவாதல்’. திருக்குறளின் 22ஆம் அதிகாரத்தில் உலகோடு பகிர்ந்து வாழும் கடமையைச் சுட்டும் ஒப்புரவு, விவிலியத்தில் பகை நீங்கிப் பொருந்துதலைச் சுட்டுகிறது. இரண்டிலும் ‘ஒப்பு’ என்னும் அடி உள்ளது. ஒத்த நிலை இன்றி ஒப்புரவு இயலுமா என்னும் வினாவைத் தமிழ்த் திருச்சபை இருநூறு ஆண்டுகள் எதிர்கொண்டது.

1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் பணி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. ஆயினும் ஆலயத்தினுள் சாதிவாரியான இருக்கைகள் தொடர்ந்தன. திருவிருந்தின் பாத்திரத்தை உயர்சாதியினர் முதலில் பெற்றனர். பிறர் பின்னர்ப் பெற்றனர்.

இப்பிரிவினையின் விலையை இராசநாயக்கனின் வாழ்வு காட்டுகிறது. தஞ்சைப் படையில் பணியாற்றிய அவர், தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் பயின்று லுத்தரன் சபையில் இணைந்து, உபதேசியாராகப் பல்லாண்டு உழைத்தார். 1733இல் வேளாளரான ஆரோன் முதல் இந்திய லுத்தரன் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1741இல் தியோகு அந்நிலை பெற்றார். பறையர் சமூகத்தவரான இராசநாயக்கனுக்கு அது வழங்கப்படவில்லை. அவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெற உயர்சாதிக் கிறித்தவர் தயங்குவர் என்பதே மிஷனரிமார் கருதிய தடை. தாழ்மையைப் போதித்த சபை, தாழ்த்தப்பட்டவரையே மேலும் பொறுத்திருக்கச் செய்தது.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடுகளை உடனடியாகக் கைவிடுமாறு சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் உயர்சாதியினர் பலர் சபையை விட்டு விலகினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் உள்ளிட்டோர், சாதி சமூக வழக்கமே அன்றிச் சமயக் கோட்பாடு அன்று என வாதிட்டனர். ஆளும் இனத்தைச் சேர்ந்த பேராயர் ஒருவர் ஆணையால் தாழ்மையைக் கோரியதில் முரண் இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. பின்னர், சாதி குறித்து மென்போக்குக் கொண்ட லைப்சிக் மிஷனில் விலகியோர் பலர் புகலிடம் கண்டனர்.

கத்தோலிக்கத் திருச்சபையும் இதற்கு விலக்கன்று. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தை நோக்கிய இரு கூடங்களுடன் ஆலயம் கட்டப்பட்டது. ஒன்றில் வேளாளர் தரப்பினர், மற்றொன்றில் நாடார் முதலிய பிறர். 1910இல் இடைத்தடுப்பு அகற்றப்பட்டபோது, தடுப்பை மீட்கக் கோரி வேளாளர் தரப்பினர் நீதிமன்றத்தை நாடினர். சென்னை உயர் நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை.

இந்நிகழ்வுகளைத் தொகுத்து நோக்கினால் மூன்று சொற்களின் இரட்டை முகம் புலப்படும். ‘தாழ்மை’ ஒருவர் விரும்பி ஏற்கும் பண்பு. பிறர்மீது சுமத்தப்படும் இழிநிலையும் அதுவே. ‘பொறுத்தல்’ மன்னித்தலையும் குறிக்கும், சகித்துக் கிடத்தலையும் குறிக்கும். ‘ஒப்புரவு’ சமாதானத்தையும் குறிக்கும், சமநிலையையும் குறிக்கும். அதிகாரம் உடையோர் தமக்கு வசதியான பொருளையே தேர்ந்தனர். மற்றொரு பொருள் இராசநாயக்கனைப் போன்றோரின் பங்காயிற்று.

மத்தேயு கூறும் வரிசையில் எழுந்து செல்ல வேண்டியவர் குறைக்குக் காரணமானவரே, குறையுற்றவர் அல்லர். தமிழ்த் திருச்சபை வரலாற்றில் மன்னிப்பை ஆராய்வோர், யார் மன்னித்தார் என்று வினவுவதற்கு முன், யார் எழுந்து சென்றார் என்று வினவுதல் வேண்டும்.